பென்ஜமின் பெயின்ட் அடித்த தூண்டில் குண்டுகள்

பென்ஜமின் அண்ணையை முதலில் பார்த்தது ஜெர்மனியின் பீலெஃபெல்டில், ஒரு தூண்டில் கடையில். ஜூன் மாதம். கொட்டுகிற மழைக்கு ஒதுங்கலாம் என்று உள்ளே நுழைந்தால், ஒரு மனிதர் இரண்டு கையிலும் பனிக்காலத்துத் தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, தூண்டில் கோல் ஒன்றைப் பிடித்தபடி நின்றிருந்தார். கோலின் நுனியிலிருந்து இறங்கிய நைலான் நூல் கடை வாசலின் கல் பாவிய படியில் கிடந்தது. நூலின் முனையில் விரல் நுனி அளவுக்கு ஒரு குண்டு. கல்லாவுக்குப் பின்னால் நின்ற பெண், இந்த ஆளுக்குக் காபி கொடுப்பதா, போலீஸுக்குச் சொல்வதா என்று முடிவெடுக்க முடியாதவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணைத் திறந்தவருக்கு, நனைந்துபோன ஒரு தமிழ் முகம் தெரிந்தது. "தம்பி தமிழோ?" என்றார். ஆமாம் என்றதும், எந்த ஊர், என்ன படிப்பு, சம்பளம் எவ்வளவு என்கிற வழக்கமான விசாரணை ஒன்றும் வரவில்லை. நூலை மெதுவாகப் படியின் மேல் இழுக்கச் சொன்னார். குண்டு கல்லில் தட்டும்போது தான் சொல்வதாகவும், சரியா தவறா என்று மட்டும் சொன்னால் போதும் என்றும் சொன்னார். "எனக்கு ஆறுதலா இருக்கட்டுமெண்டு பொய் சொல்லக் கூடாது" என்பதை இரண்டு தரம் சொன்னார்.

முக்கால் மணி நேரம் அந்தச் சோதனை நடந்தது. குண்டில் இரண்டு வகை: ஈயம், டங்ஸ்டன். ஈயத்தை இழுத்தபோது அவர் வாய் திறக்கவில்லை. டங்ஸ்டனை இழுத்தபோது, "இப்ப" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் "இப்ப". ஒருமுறைகூடப் பிசகவில்லை. கையுறையைக் கழற்றும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"என்ர மனுசிக்கு விரல் மரத்துப்போச்சு தம்பி. ஒரு வருசமாத் தண்ணிப் பக்கம் வரமாட்டன் எண்டு நிக்கிறா. இது சரிவந்தா வருவா."

மழை விட்டுவிட்டது. பழக்கம் விடவில்லை. அதன் பிறகு அவர் சொன்னதும், அவர் மனைவி புஷ்பமலர் இடைமறித்துத் திருத்தியதும் சேர்ந்ததுதான் இனி வருவது.

பென்ஜமின் மன்னார்ப் பக்கத்துப் பேசாலைக்காரர். பேசாலை என்றால் கடல், கடல் என்றால் மீன், ஆகவே தூண்டில் பிடிக்கப் பிறக்கும்போதே தெரிந்திருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அவருடைய அப்பா சைக்கிள் திருத்துகிறவர். வீட்டுக்கு மீன் வந்தது காசு கொடுத்துத்தான். இருபத்து நான்கு வயதில் அகதியாக ஜெர்மனிக்கு வந்து, முகாமில் ஒன்றரை வருடமும் பீட்ஸா கடையில் பாத்திரத்தோடு ஆறு வருடமும் கழித்து, பிறகு பீலெஃபெல்டை ஒட்டிய பிராக்வேடேயில் ஒரு டயர் பட்டறையில் சேர்ந்தார். அதுவரை அவர் தூண்டிலைத் தொட்டதே இல்லை.

தூண்டில் ஆசையை வீட்டுக்குக் கொண்டுவந்தது புஷ்பமலர்தான். அவர் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தார். கூட வேலை செய்த ஜெர்மன்காரி ஒருத்தி வார விடுமுறையில் கால்வாய்க்கு அழைத்துப் போனாள். திரும்பி வந்த புஷ்பமலர், பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு இந்த நாட்டில் இவ்வளவு நல்ல இடம் இருப்பது தனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்றார். இங்கே தூண்டில் போட வேண்டுமென்றால் பரீட்சை எழுதி அனுமதி வாங்க வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்தே எழுதினார்கள். அறுபது கேள்வி. அது போதாதென்று, படத்தைக் காட்டி மீனின் பெயரையும் கேட்பார்கள். புஷ்பமலர் இரண்டே இரண்டு தவறோடு தேறினார். பென்ஜமின் படத்தில் கோட்டைவிட்டார். எல்லாமே வெள்ளையாக, ஒரே அளவில் இருக்கின்றன, குழம்பில் போட்டுக் காட்டினால் சொல்லிவிடுவேன் என்று அந்த அதிகாரியிடமே சொன்னாராம்.

அனுமதி இல்லாதவர் கோலைத் தொடக் கூடாது. ஆகவே ஒரு வருடம் முழுக்க அவர் மனைவிக்குப் பக்கத்தில் வலையும் வாளியும் பிடித்துக்கொண்டு நின்றார். அவரோடு பட்டறையில் வேலை செய்கிற ஜெசிந்தன் இதை விடுவானா? "அண்ணை, அக்கா கப்டன், நீங்கள் ஹெல்பர். வடிவாப் பொருந்துது" என்று தமிழ்க் கூட்டம் கூடுகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தான்.

அடுத்த வருடம் அவரும் தேறிவிட்டார். ஆனாலும் அந்த ஒரு வருடத்தில் விழுந்த பழக்கம் மாறவில்லை. பிடிப்பது மலர், வேண்டியதைத் தயார் செய்து கொடுப்பது பென்ஜமின். அதில் அவருக்குப் பெருமையும் வந்துவிட்டது. காரணம் ஈயம். சக்கரம் ஆடாமல் சுற்றுவதற்காக விளிம்பில் சிறு எடைத்துண்டுகளை ஒட்டுவார்கள். பழைய வண்டிகளில் அவை ஈயம். கழற்றிப் போட்டதை முதலாளி இவருக்கே கொடுத்துவிட்டார். வீட்டுக்குப் பின்னாலுள்ள கராஜில், மூக்கும் வாயும் மூடிக் கட்டிக்கொண்டு, அதை உருக்கி அச்சில் ஊற்றுவார். துப்பாக்கி ரவை போல ஒரு முனை கூர், நடுவில் நூல் போகத் துளை. அச்சில் எங்கோ ஒரு குறை. அதனால் ஒவ்வொரு குண்டின் விலாவிலும் ஒரு சிறு பொருக்கு புடைத்து நிற்கும். பீலெஃபெல்டிலிருந்து ஹெர்ஃபோர்ட் வரை தூண்டில் போடுகிற தமிழர்களின் பெட்டியைத் திறந்தால், அந்தப் பொருக்கு வைத்த குண்டு நாலைந்தாவது இருக்கும். யாரிடமும் காசு வாங்கியதில்லை. கடையில் குண்டு வாங்குகிறவர்களை மட்டும் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்.

புஷ்பமலர் தூண்டில் போடுவதைப் பார்க்க வேண்டும் என்பார் பென்ஜமின். சுழற்றி எறிந்து, குண்டு அடியில் உட்கார்ந்ததும், வலது ஆள்காட்டி விரலை நூலின் மேல் வைத்து மெல்ல இழுப்பார். தண்ணீருக்கு அடியில் குண்டு உருண்டு வருவது அந்த விரலுக்குத் தெரியும். "இப்ப சேறு" என்பார். "இப்ப கல்." "இப்ப சிப்பி." பார்ஷ் என்று ஒரு மீன் உண்டு. முதுகில் முள் விசிறி, உடம்பில் கறுப்புப் பட்டை, சிவந்த செட்டை. கொக்கியில் மாட்டிய ரப்பர்ப் புழுவை அது வாயில் எடுத்து, பொய்யென்று கண்டு துப்புவதற்கு ஒரு நொடிதான் ஆகும். அந்த நொடிக்குள் மலர் கோலை உயர்த்திவிடுவார். பக்கத்தில் மடக்கு நாற்காலியில் இருந்துகொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு தரையைப் பற்றி மனைவி சொல்லச் சொல்லக் கேட்பது பென்ஜமினுக்குப் போதுமாயிருந்தது.

பதினாறு வருடம் அப்படிப் போயிற்று. பிறகு ஒரு மார்கழியில் மலருக்கு மார்பில் கட்டி.

மருத்துவமனையில் நாள் குறித்துக் கொடுத்த டெர்மினுக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள். டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அது புற்றுநோய், கீமோ வேண்டும், பிறகு அறுவை. மொழிபெயர்ப்பதற்காகப் பக்கத்தில் இருந்த பென்ஜமின், சின்னக் கட்டியாம், மருந்தால் கரைத்துவிடலாமாம் என்றார். நம் குடும்பங்களில் இதுதானே வழக்கம். நோயாளியைத் தவிர மற்ற எல்லோருக்கும் நோய் தெரிந்திருக்கும். டோர்ட்முண்டில் இருக்கும் மகள் சுஜீவாவோடு கராஜில் நின்று போனில் குசுகுசுத்தார். லண்டனில் இருக்கும் மச்சானுக்குச் சொன்னார். மூன்று நாள் வீட்டில் எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள்.

நான்காம் நாள், வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மலர் நிமிராமலே கேட்டார். "டாக்டர் சொன்னது எனக்கு விளங்காதெண்டு நினைச்சனீங்களோ? பரீட்சை முதல்தரம் பாஸ் பண்ணினது ஆர், நீங்களோ நானோ?"

மனைவிக்குத் தன்னைவிட நன்றாக ஜெர்மன் தெரியும் என்பது பென்ஜமினுக்கு அந்த அறையில் இருந்தபோது மறந்தே போயிருந்தது. மலர் அழுதது நோய்க்காக அல்ல. மூன்று நாள் தனியாக, தெரியாதது போல நடித்தபடி, பயந்துகொண்டு இருந்திருக்கிறார். அதற்காக அழுதார். அடுத்து வந்த ஆவணியில், ஒரு கீமோவுக்கும் மற்றதற்கும் நடுவே, தமிழர்கள் கூடுகிற கேவெலார் மாதா திருவிழாவுக்குப் போனபோது, மெழுகுதிரியைக் கையில் வைத்துக்கொண்டு பென்ஜமின் சத்தியம் செய்தார். இனி உமக்கு ஒன்றும் ஒளிக்கமாட்டேன்.

நோய் போயிற்று. போகும்போது விரல்களின் உணர்வைக் கொண்டுபோயிற்று. மருந்து நரம்பைத் தொட்டுவிட்டது, திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், மாத்திரையைப் போட்டுக்கொண்டு பொறுத்திருங்கள் என்றார்கள். கோப்பை கை நழுவிற்று. சட்டைப் பொத்தான் பிடிபடவில்லை. சுஜீவா பொத்தான் மாட்டும் கொக்கி, தடித்த பிடி வைத்த கத்தி, மூடி திறக்கும் ரப்பர் என்று ஒவ்வொன்றாக வாங்கி அனுப்பினாள். மலர் நன்றி சொல்லி, பெட்டி பிரிக்காமல், எல்லாவற்றையும் மேசையின் ஒரே லாச்சியில் போட்டுத் தள்ளி மூடினார். நோயாளிகளுக்கென்று செய்த வருத்தக்காரச் சாமான் தனக்கு வேண்டாம் என்றார்.

தூண்டிலை மட்டும் அவர் உடனே விடவில்லை. கொஞ்சம் தேறியதும் கால்வாய்க்குப் போனார்கள். எறிந்தார், இழுத்தார், விரலை நூலில் வைத்தபடி நெடுநேரம் நின்றார். பஞ்சை இழுப்பது மாதிரி இருக்கிறது, அடியில் எதுவும் இல்லாத மாதிரி இருக்கிறது என்றார். சுருட்டியபோது நூலின் முனையில் ஒரு சிறிய பார்ஷ் வந்தது. அது எப்போதோ கொத்தியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. கொக்கி தொண்டைக்குள் இறங்கிச் செவுளெல்லாம் இரத்தம். திருப்பி விடவும் முடியாத நிலை. மலர் அதைக் கொன்று ஈரத்துணியில் சுற்றினார். அன்று வீட்டுக்கு வந்ததும் கோலைத் துடைத்து நிலவறையில் வைத்துவிட்டார். தெரியாமல் ஓர் உயிரை இழுத்து வதைப்பதற்கு அங்கே போக மாட்டேன் என்றார். அவ்வளவுதான். அடுத்த ஒரு வருடத்துக்கு அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை. சனிக்கிழமைகளில் சமையல்கட்டு ஜன்னலருகே உட்கார்ந்து தெருவைப் பார்த்தபடி இருப்பார். பென்ஜமின் தனியாகக் கால்வாய்க்குப் போகவில்லை.

டங்ஸ்டனைப் பற்றிச் சொன்னது ஜெசிந்தன். ஈயம் மெத்தென்ற சாமான், கல்லில் இடித்தால் இடியைத் தானே விழுங்கிவிடும். டங்ஸ்டன் கெட்டி, இடித்ததை அப்படியே நூலில் ஏற்றி அனுப்பும். "கல்லிலை தட்டினா உங்கட பல்லிலை கேக்கும் அண்ணை. என்ன, நாலு மடங்கு விலை. ஈயம் பென்ஜமினே கடையிலை போய்க் குண்டு வாங்கினா, நாங்கள் ஊர்வலமே வைப்பம்." முதலில் பென்ஜமினுக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த சனிக்கிழமை, கையுறையை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கடைக்குப் போனார். மலரின் விரலுக்கு இப்போது என்ன தெரியுமோ, அதுதான் இந்தக் கையுறைக்குள்ளும் தெரியும் என்பது அவர் கணக்கு.

வாங்கியது சரி. கொடுப்பது எப்படி? இப்படி ஒன்று கடையில் வாங்கினேன், உம்முடைய விரலுக்காக என்றால், அது நேரே அந்த லாச்சிக்குப் போகும். ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு கராஜில் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினார். சக்கர விளிம்புக்கு அடிக்கிற சாம்பல் நிறப் பெயின்டை அந்தக் கறுத்த குண்டுகளின்மேல் இரண்டு பூச்சு அடித்தார். ஈயம்போல் மங்கலாகத் தெரிய மண்ணெண்ணெய்த் துணியால் ஒற்றினார். கல்லில் மோதிய ஈயம்போல முனையை அரம் போட்டு மழுக்கப் பார்த்தார். அரம் வழுக்கியது, அதன் பல்தான் போயிற்று. விலாவில் ஒரு துளி இரும்புப் பசை வைத்து, தன்னுடைய அச்சின் பொருக்கைக்கூட உண்டாக்கிவிட்டார். மலர் எப்போதும் போடுவது பத்துக் கிராம் ஈயம். அதே பருமனுள்ள டங்ஸ்டனாகப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

இங்கேதான் அவருக்குச் சறுக்கியது. ஒரே பருமனில் டங்ஸ்டன் ஈயத்தைவிட ஒன்றரை மடங்கு கனம். நாள் முழுக்க ஐந்து கிராம் வித்தியாசத்துக்காகச் சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கிற மனிதர், கண்ணை ஏமாற்றுகிற மும்முரத்தில் எடையை மறந்துபோனார்.

ஜூலையில் அவர்களுடைய கல்யாண நாள் வந்தது. முப்பதாவது. என்ன வேண்டும் என்று மலர் கேட்டார். கால்வாயில் இரண்டு மணித்தியாலம் என்றார் பென்ஜமின். மலர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நிலவறைக்குப் போய்க் கோலை எடுத்து வந்தார்.

லூபெக்கேக்கு அப்பால், மிட்டல்லாண்ட் கால்வாயின் கரை. சரக்குப் படகு ஒன்று கடந்துபோய் அலை அடங்கியிருந்தது. பென்ஜமினே நூலில் குண்டையும் ரப்பர்ப் புழுவையும் கோத்துக் கொடுத்தார். மலர் குண்டைத் தொட்டுப் பார்க்கவில்லை. எறிந்தார். குண்டு எதிர்க்கரைக் கற்களுக்குக் கிட்டப் போய் விழுந்தது. இவ்வளவு தூரமா என்பது போலப் புருவத்தைத் தூக்கினார். காற்று அந்தப் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது. நூல் தளர்ந்ததும் இழுத்தார். இரண்டாவது இழுப்பில் நின்றார். மூன்றாவதில் முழங்கை தானாக உயர்ந்தது.

"கல்" என்றார்.

பென்ஜமின் மடக்கு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"சேறு. சேறு. கல்." கணவன் பக்கம் திரும்பினார். "இஞ்சேருங்கோ, எனக்குத் தெரியுது. எனக்கு விரல் வந்திட்டுது."

மறுபடி எறிந்தார். மறுபடி தெரிந்தது. ஏழெட்டுத் தரம் எறிந்தார். கன்னத்தில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஒரு கையால் சிலுவை போட்டார். கோலைக் கரையில் வைத்துவிட்டு மகளுக்குப் போன் போட்டு, அதே ஈயக்குண்டுதான் பிள்ளை, அப்பா ஊற்றினதுதான், போன வருசம் ஒன்றுமே தெரியாத அதே குண்டு, இப்போது அடி முழுக்கத் தெரிகிறது என்றார். திங்கட்கிழமை டாக்டரிடம் சொல்லி மாத்திரையை நிறுத்தப் போகிறேன் என்றார்.

பென்ஜமின் நினைத்தது மனைவி திரும்பத் தூண்டில் போட வேண்டும் என்பதைத்தான். மெத்தென்ற குண்டு என்று நம்பிக் கெட்டிக் குண்டை இழுக்கிறவள், மாறியது குண்டல்ல, தன் விரல் என்றுதான் நினைப்பாள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. இப்போது உறைத்தது. போனில் மகள் அழுவதும் கேட்டது. பேசாமல் இருந்துவிடலாம். இந்த முகத்தை இப்படிப் பார்த்து இரண்டரை வருடமாகிறது. கேவெலாரில் கையில் உருகி வழிந்த மெழுகின் சூடும் நினைவில் வந்தது.

மலர் போனை வைத்ததும், "மலர்" என்றார். "அது ஈயமில்லை."

"என்னது?"

"கடையிலை வாங்கினது. டங்ஸ்டன் எண்டு சொல்லுவினம். கல்லிலை தட்டினா நல்லாத் தெரியும். நான்தான் பெயின்ட் அடிச்சு ஈயம் மாதிரி ஆக்கினனான். விரல் வரேல்லை மலர். குண்டுதான் வேறை."

மலர் கோலை எடுத்து நூலைச் சுருட்டினார். பிறகு குனிந்து நூலைப் பிடித்து, குண்டை உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் தூக்கிப் பார்த்தார்.

"பதினெட்டு வருசமா உங்கட ஈயத்தை எறியிறன்" என்றார். சத்தம் போடவில்லை. "பத்துக் கிராம் எவ்வளவு தூரம் போகுமெண்டு என்ர தோளுக்குத் தெரியும். முதல் எறியிலையே தோள் சொன்னது. நான்தான் காத்தெண்டு நினைச்சன். ஏனெண்டா நான் நம்ப விரும்பினனான்."

"நீர் லாச்சிக்குள்ளை போட்டிடுவீர் எண்டு…"

"போட்டிருப்பன். அது என்ர விருப்பம். நான் நோய்க்காரிதான், குழந்தைப்பிள்ளை இல்லை."

நூலைக் கத்தியால் அறுத்து, குண்டை அவர் கையில் வைத்தார். போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். பீலெஃபெல்ட் வரும்வரை பென்ஜமின் வானொலியைப் போடவும் இல்லை, மனைவியைப் பார்க்கவும் இல்லை. மகளுக்குத் திரும்பப் போன் எடுத்து, நான் சொன்னது பிழை என்று சொன்னது மலர்தான். அதைக் கேட்டுக்கொண்டு கார் ஓட்டியதைப்போல ஒரு தண்டனை தனக்குக் கிடைத்ததில்லை என்பார் பென்ஜமின்.

மூன்று வாரம் வீட்டில் சோறு, தேநீர், பில், சாவி என்று வேண்டிய பேச்சு மட்டும் நடந்தது. பென்ஜமின் மன்னிப்புக் கேட்டார். ஓம் என்றார் மலர். அந்த "ஓம்" எந்தக் கணக்கிலும் சேராத ஓம். பென்ஜமின் கராஜில் உட்கார்ந்து, தின்னரில் ஊறப்போட்டு, குண்டுகளின் பெயின்டை முழுக்கச் சுரண்டி எடுத்தார். பசையால் வைத்த பொருக்கையும் பெயர்த்தார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கறுப்பாகப் பளபளத்த குண்டுகளை ஒரு சீலைப் பையில் போட்டுச் சமையல்கட்டு மேசையில் வைத்தார். ஒரு துண்டுக் கடதாசியில் உண்மையான எடையை எழுதிப் பக்கத்தில் வைத்தார்: பதினாறு கிராம். மலர் மேசையைத் துடைக்கும்போது அந்தப் பையை மட்டும் தூக்கி, துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

ஒரு வியாழக்கிழமை பென்ஜமின் வேலை முடிந்து வந்தபோது மலர் வீட்டில் இல்லை. ஆறு மணிபோல வந்தார். கையில் கடைப் பை. அவராகவே டிராம் ஏறி அந்தத் தூண்டில் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்த பெண், தமிழ் முகத்தைப் பார்த்ததும், ஜூன் மாதம் கையுறை போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் வாசலை அடைத்துக்கொண்டு நின்ற ஒருவரைத் தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். மலர் தெரியும் என்றிருக்கிறார். அவள் நடந்ததை எல்லாம் சொல்லியிருக்கிறாள்.

இதை மலர் கணவனிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. ஆனால் அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்று வாரத்தில் அது முதல் தடவை.

"கையுறை போட்டுப் பாத்ததை எனக்குச் சொல்லியிருந்தா, நான் அண்டைக்கே வந்திருப்பன்" என்றார். "என்ர விரலுக்குள்ளை என்ன இருக்கெண்டு இந்த வீட்டிலை ஆரும் கேக்கேல்லை. சாமான் வாங்கித் தந்தீங்கள், மருந்து தந்தீங்கள். எப்பிடிக் கிடக்கெண்டு ஆரும் கேக்கேல்லை. நீங்கள் கையுறைக்குள்ளை கேட்டிருக்கிறீங்கள். அதைத்தான் ஒளிச்சிருக்கிறீங்கள்."

பென்ஜமின் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். இப்போது எப்படிக் கிடக்கு என்று கேட்டார்.

மலர் சொன்னார். மாவுக்குள் கையை வைத்திருப்பது மாதிரி. சில நேரம் எறும்பு. சூடு பிந்தித்தான் தெரியும். நடு விரலின் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் உயிர். ஒவ்வொரு விரலாக நீட்டி நீட்டிச் சொன்னார். பென்ஜமின் அந்த விரல்களைப் பிடித்து மாற்றி மாற்றிப் பார்த்தார். தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது.

பிறகு மலர் கடைப் பையைத் திறந்தார். உள்ளே நாலு டங்ஸ்டன் குண்டு. பென்ஜமின் வாங்கியதைவிடச் சிறியவை, பட்டாணி அளவு. எல்லாம் பத்துக் கிராம்.

"பதினாறு எனக்குப் பாரம். தோள் நோகும். பத்தெண்டாப் பத்து" என்றார். "கல்லுத் தட்டினது பொய்யில்லைதானே. விரலிலை தெரியேல்லை. இஞ்சை, மணிக்கட்டிலையும் முழங்கையிலையும் தெரிஞ்சது. வீட்டை வந்து யோசிச்சுப் பாத்தன். சனிக்கிழமை வெள்ளென எழும்புங்கோ."

அந்தச் சனிக்கிழமை கோத்ததும் மலரே. துளைக்குள் நூலைச் செலுத்தப் பத்து நிமிடம் பிடித்தது. பென்ஜமின் கையை நீட்டவில்லை. நீட்டாமல் இருப்பதற்காக இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மலர் கோலின் அடிப்பகுதியை முழங்கை எலும்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். விரலை நூலில் வைக்கவே இல்லை. எறிந்தார். பழைய தூரம்தான் போயிற்று. பாதிக் கால்வாய்.

ஒரு மணி நேரம் கல்லும் சேறும்தான். எது எது என்று மலர் சொன்னார். இரண்டு தரம் தப்பாகச் சொல்லித் தானே திருத்தினார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கோலை வெடுக்கென்று தூக்கினார். நுனி வளைந்தது. பென்ஜமின் வலையோடு இறங்கினார். பார்ஷ், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, செட்டை சிவந்து துடித்தது. மலர் மீனைப் பார்க்கவில்லை, அதன் வாயைப் பார்த்தார். கொக்கி மேலுதட்டின் ஓரத்தில், பொத்தான் போட்ட மாதிரி நின்றது. உள்ளே ஒரு துளி இரத்தம் இல்லை.

"நேரத்துக்குப் பிடிச்சிட்டன்" என்றார்.

அன்று மத்தியானம் அதைப் பொரித்துத் தின்றார்கள். ஜெசிந்தனும் வந்தான். அக்கா டங்ஸ்டனுக்கு மாறிவிட்டது கேட்டு, அப்படியானால் அண்ணையின் ஈய வாளி மியூசியத்துக்குத்தானா என்றான். மலர்தான் பதில் சொன்னார். அவருடைய விரல் நல்லாத்தானே இருக்கு, அவருக்கு ஈயமே போதும்.

பென்ஜமினுக்கு இப்போது ஐம்பத்தொன்பது வயது. அதே டயர் பட்டறையில்தான் வேலை, இன்னும் ஏழெட்டு வருடம் இருக்கிறது. புஷ்பமலர் வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடச் சமையலறைக்குத் திரும்பிவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் பார்க்கிறார்கள், கடைசியாகப் பார்த்ததில் குறை ஒன்றும் இல்லை. வலக்கை விரல்களில் இரண்டில் கொஞ்சம் உணர்வு வந்திருக்கிறது, மற்றவற்றில் வரவில்லை. இருவரும் பிராக்வேடேயில் இரண்டாம் மாடி வீட்டில் இருக்கிறார்கள். மழை இல்லாத சனிக்கிழமைகளில் கால்வாய்க்குப் போகிறார்கள்.